பதினாறு பதினாறாக அள்ளும் மண்டை

என் மண்டைக்குள் பதித்திருக்கும் ஞாபகச் சிப்புக்குப் புதுத் தேடல் நிரல் போட்டார்கள். ஞாபகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டாமல் பதினாறு பதினாறாக அள்ளிப் பார்க்குமாம். போட்ட அன்று மின்னலே என் வேகத்தைக் கண்டு பெருமூச்சு விட்டது.

மறுநாள் காலையில் என் மனைவி அலர்மேல், "பீரோ சாவி எங்கேங்க?" என்றாள்.

"அரிசி டின்னுல," என்றேன். வாய் நிற்கவில்லை. "பக்கத்துலயே மைசூர்பாகு ஒளிச்சு வெச்சிருக்கேன். சுகர் மாத்திரையெல்லாம் செம்பருத்தித் தொட்டியில. உங்கம்மா குடுத்த குடையை வேணும்னேதான் பஸ்ஸுல விட்டேன்." இப்படியே அள்ளின பதினாறும் கொட்டித் தீர்ந்தது.

அலறியடித்துக்கொண்டு, நிரல் போட்ட இன்ஜினியர் குலசேகரனை வரவழைத்தேன்.

"சார் மண்டை பழைய மாடல்மா. அள்ளினதுல வேண்டியதை மட்டும் பொறுக்கத் தெரியல. ஒண்ணொண்ணாத் தேடற நிரலையே திரும்பப் போட்டுடறேன்," என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

அலர்மேல் அவருக்குக் காபி நீட்டினாள்.

"அவசரமில்ல தம்பி. முப்பத்திரண்டா அள்ளற மாதிரி மாத்த முடியுமான்னு பாருங்க."