நல்லா ஓடுற பையன்

ஏட்டு குணசேகரன் இரண்டாவது பிஸ்கட்டையும் டீயில் நனைத்தபோதே சுப்பராயனுக்குத் தெரிந்துவிட்டது, எழிலனுக்கு வேலை உறுதி. வெரிஃபிகேஷனுக்கு வருகிற போலீஸ்காரர் முகம் கோணாமல் எழுந்து போனால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்பது அவர் கட்சி.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அந்த பிளாக்கின் நலச்சங்கத் தலைவர் சுப்பராயன். செயலாளரும் பொருளாளரும் அவரே. வாலிபத்தில் போலீஸுக்குப் போய், மார்பளவு அரை அங்குலம் குறைந்து திரும்பியவர். அந்த அரை அங்குலத்தை அன்றிலிருந்து பேச்சில் விரித்துக்கொண்டிருக்கிறார். போலீஸ் ஆவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வார்.

எழிலன் பரீட்சையில் தேறி, ஓட்டத்தில் தேறி, கயிறேறித் தேறி, மெடிக்கலும் முடித்துவிட்டான். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விசாரித்துப் போவது ஒன்றுதான் பாக்கி. "பேர்ல ஒரு கேஸ் இருக்கக் கூடாது. சின்ன கேஸா இருந்தாலும் ஆர்டர் கைக்கு வராது" என்று சுப்பராயன் சொன்ன நாளிலிருந்து, காசிமேட்டில் இறால் உரிக்கும் அவன் அம்மா ரமாபாய், மகனைத் தெருமுனை டீக்கடையில்கூட நிற்கவிடுவதில்லை.

அதனால்தான், மஃப்டியில் வந்து இறங்கிய குணசேகரன், "இந்த பிளாக்ல நல்லா ஓடுற பையன் ஒருத்தன் இருக்கானாமே?" என்று கேட்டதும் சுப்பராயன் வெள்ளைச் சட்டைக்கு மாறி ஓடி வந்தார். பெயரைச் சொன்னார், வீட்டைக் காட்டினார், பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தும் போட்டார்.

"ஓட்டம் எப்படி?" என்றார் குணசேகரன்.

"காற்று மாதிரி சார்" என்று மேடைத் தமிழில் தொடங்கிய சுப்பராயன் மறுவரியிலேயே வழுக்கினார். "தொரத்துனா நாயே பாதியில நின்னு மூச்சு வாங்கும் சார்."

"ஏறுவானா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட. கயித்தப் புட்ச்சான்னா மூணாவது மாடி. செவுத்துல கால் படாது."

குணசேகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கயிறு இருக்கா?"

இருந்தது. ஹார்பரில் கழித்துப் போட்ட கப்பல் கயிறு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொங்கியது. சுப்பராயனே ஏறிப்போய் அவிழ்த்து வந்தார். பெரிய ஐயாவிடம் காட்ட வேண்டும் என்று குணசேகரன் சொன்னதும், "காட்டுங்க சார், புள்ள எவ்ளோ கஷ்டப்பட்டுக்கீறான்னு அவுரும் பாக்கட்டும்" என்று பைக்கின் பின்னால் வைத்துக் கட்டியும் கொடுத்தார்.

"எங்க ஓடுவான்?"

"தண்டையார்பேட்டை குடோன் ரோட்டுல. பொழுது சாஞ்சா லாரி கம்மி சார். அங்க கீற சந்து பொந்து எல்லாம் அவுனுக்கு அத்துப்படி."

"போன ஞாயித்துக்கிழமையும் ஓடினானா?"

அதுவரை கதவோரம் நின்ற ரமாபாய் வாய் திறந்தாள். "இல்ல சார். அன்னிக்கு அவுனுக்கு நல்ல ஜொரம். ராத்திரி பூரா ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்திகினு, எங்கூடவே தான்..."

"பெத்த மனசு சார், புள்ளைக்கி வேர்த்தாலே ஜொரம்னு சொல்லும்" என்று சிரித்து அவளை வெட்டினார் சுப்பராயன். "ஞாயித்துக்கெழமன்னா ரெண்டு ரவுண்டு சேத்து ஓடுவான். அன்னிக்கும் ஓடுனான். நானே பாத்தேன்."

"நீங்களே பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால பாத்தேன் சார்."

குணசேகரன் செல்போனை எடுத்துப் பார்க்கிற இடைவெளியில் சுப்பராயன் பல்லைக் கடித்துக்கொண்டு ரமாபாயிடம் குனிந்தார். "ஒனக்கு புத்தி கீதா? சீக்குப் புடிச்சவன்னு எழுதிகினு போய்ட்டா வேல இன்னா ஆவறது? மெடிக்கல்ல தேறுன புள்ளைக்கி பெத்தவளே ஆப்பு வெக்கிறியே."

"தெரியாம சொல்ட்டேண்ணா" என்றாள் அவள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குணசேகரன் முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் நாளு மாத்தி சொல்ட்டேன். தலிவரு சொல்றதுதான் சரி. எம்புள்ள அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவல. அங்கதான் ஓடிகினு இருந்தான்."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா."

"சத்தியமா சார். அவுனுக்கு ஒரு நோவும் கெடையாது."

சுப்பராயன் நிம்மதியாக மூச்சு விட்டார். "எப்போ கூப்ட்டாலும், எங்க கூப்ட்டாலும் வந்து இதையே சொல்றேன் சார்."

"கூப்பிடுவோம்" என்றார் குணசேகரன். "பையன் எப்ப வருவான்?"

"எண்ணூர்ல கண்டெய்னர் யார்டுக்குப் போய்க்கீறான் சார். சோத்துக்கு வர்ற நேரந்தான்" என்றாள் ரமாபாய். "நீங்களும் ஒரு வாய் துன்னுட்டு, அவுனப் பாத்துட்டே போங்க."

"பாக்காம போவேனாம்மா" என்று எழுந்த குணசேகரன், மாடிப்படி ஓரமாகப் போய் நின்று போனைக் காதில் வைத்தார்.

"ஐயா, குடோன் திருட்டுக்கு ஆளும் சாட்சியும் ரெடி, வண்டிய அனுப்புங்க."