ராமக்காளின் பங்கு

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. விடிஞ்சு எந்திரிச்சதுல இருந்து படுக்குறவரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுதோ, அத்தனையும் எனக்குத் தெரியணும்” என்றார் டாக்டர் ஜோசபின்.

மலையாண்டி முகட்டைப் பார்த்து யோசித்தார். அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டியதாயிற்று. காலையில் கம்பங்கூழ். மத்தியானம் சோறும் ரசமும். ராத்திரிக்கு மத்தியானத்து மிச்சம். பாலைப் போன வருடமே வேறொரு டாக்டர் நிறுத்திவிட்டார். அதோடு தக்காளி போயிற்று, கீரை போயிற்று, கருவாடும் போயிற்று. வாய்க்கு ருசியானது ஒவ்வொன்றாகப் போனதே தவிர, கல் மட்டும் போவேனா என்றது.

முதல் கல் வந்து ஐந்து வருடமாகிறது. இடது சிறுநீரகம் கல்லாலேயே கெட்டுப்போய், அதை எடுத்தாயிற்று. மிச்சமிருப்பது வலது ஒன்றுதான். போன மாதம் அதிலும் ஒரு கல் இறங்கி, தரையில் உருண்டு புரண்டுவிட்டார். இதுவும் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று ஜோசபின் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இந்த விசாரணை. ஒரு பகல், ஒரு ராத்திரி கழிக்கிற சிறுநீர் மொத்தத்தையும் கேனில் பிடித்து வரச் சொன்னார்கள். திருவாதவூரிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, எந்தச் செக்கு எண்ணெய் என்று கண்டக்டர் விசாரித்தார். மருந்து என்று சொல்லி, மூடியை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டார் மலையாண்டி.

இன்று அதன் முடிவு வந்திருந்தது.

“கால்சியம் இருக்க வேண்டியதைப்போல ரெண்டு மடங்கு இருக்கு. அது எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரியாம கல்லை நிறுத்த முடியாது. சாப்பாட்டுல இல்லைன்னா, கழுத்துல இருக்கிற சுரப்பியில கோளாறான்னு பார்க்கணும். அதுக்கு மெட்ராஸ் போய்த் தங்கணும்.”

மெட்ராஸ் என்றதும் மலையாண்டிக்கு மனைவியின் நினைப்புதான் வந்தது. ராமக்காளை விட்டுவிட்டு அத்தனை நாள் எப்படி இருப்பது?

வீட்டில் யார் இருக்கிறார்கள், துணைக்கு யாரையாவது அழைத்துவர முடியுமா என்று டாக்டர் கேட்டார்.

“நானும் ராமக்காளும்தான்ம்மா. மக பம்பாயில குடியிருக்கா.”

இந்த ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அவருக்கு அதுதான் குறை. வெளியே பெஞ்சில் ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் கூஜாவும் பழமுமாகக் காவல் இருந்தார்கள். அவருக்குத் துணை ஒரு மஞ்சள் பை. காலையில் எக்ஸ்ரே எடுக்கும்போது, அரைஞாணில் தொங்கிய வீட்டுச் சாவியைக் கழற்றி யாரிடமாவது கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க யாரும் இல்லை. கைக்குள் மூடிக்கொண்டே படுத்தார். அந்த நேரம் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் விடுவதாக இல்லை. தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாரா? நாளைக்குப் பத்துச் செம்பு குடிக்கிறார். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை ஏதும் உண்டா? இல்லை. வெற்றிலை, புகையிலை?

“அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாதும்மா” என்றார் கொஞ்சம் பெருமையாகவே. மனசறிந்து அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் வெற்றிலை என்றால் அது ராமக்காளுடையது.

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. மலையாண்டி பதறி எழுந்தார். மூன்று மணி பஸ்ஸை விட்டால் ராமக்காளுக்கு வெற்றிலை மடிக்கிற நேரம் தப்பிவிடும் என்று முணுமுணுத்தார். எழுந்த வேகத்தில் பை சாய்ந்து, காலையில் சிம்மக்கல்லில் வாங்கிய வெற்றிலைக் கட்டும், இலையில் பொதிந்த சுண்ணாம்பும் மேஜைமேல் விழுந்தன.

ஜோசபின் பொட்டலத்தைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். இத்தனை சுண்ணாம்பு எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

“ஒரு வாரத்துக்குத்தான்ம்மா. வாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்ததுல இருந்து நான்தான் மடிச்சுக் குடுக்குறேன். நாளைக்கு எட்டுத் தரம். பாக்குக் கடிக்கப் பல்லு கிடையாது. வெறும் வெத்தலயும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பு தூக்கலா இருக்கணும், இல்லாட்டி மூஞ்சியத் திருப்பிக்குவா.”

சொல்லும்போது அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. கால்சியம் கால்சியம் என்று தான் தேடுவது இந்தச் சுண்ணாம்புதான் என்றார். இவ்வளவு உள்ளே போனால் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கி, கல்லாகக் கட்டிக்கொள்ளும் என்றும் விளக்கினார்.

“நியாயமாப் பார்த்தா, உங்களுக்கு வந்த கல் அவங்களுக்குல்ல வந்திருக்கணும்? வெள்ளிக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு வாங்கய்யா, பார்த்துடுறேன்.”

மலையாண்டி வெற்றிலைக் கட்டை எடுத்து மெதுவாகப் பைக்குள் வைத்தார். இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் ஏதோ புரிந்தவர்போல நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

“அவ போயிச் சேந்து ஆறு வருசமாச்சும்மா. மடிச்சு மடிச்சு அவ கட்டில்லதான் வைக்கிறேன். வாடிப்போனத வீசி எறிய மனசு வராம, அவ பங்க நான்தான் மென்னு முழுங்குறேன்.”