நெற்றி விளக்கு

"இறங்கி வா, நசரே."

"இறங்க இங்க தரை எங்க இருக்கு?"

அது உண்மைதான். அண்ணன் தோணியில் நின்றிருந்தான். தோணிக்குக் கீழே ஆறு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். இரண்டு மாதமாக நெக்ரோ நதி கரை புரண்டு அமேசான் காட்டுக்குள்தான் இருந்தது.

அவள் கிளையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருந்தாள். தன் தோணியை அடிமரத்தோடு கட்டியிருந்தாள். மூன்று முடிச்சு.

முடிச்சுக்கு மேலே, வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்பு வட்டம்.

"தண்ணி வடிய ஆரம்பிச்சாச்சு. இன்னிக்குச் சாய்ச்சாத்தான் மிதக்கவிட்டு இழுத்துட்டுப் போக முடியும். இல்லேன்னா அடுத்த வெள்ளத்துக்குத்தான்."

"தெரியும். அதனாலதான் இன்னிக்கு ஏறினேன்."

"உன்னைக் குரங்குகிட்டேருந்துதான் அம்மா வாங்கியிருக்கணும்."

"உன்னை ஆமைகிட்டேருந்து. பொழுது சாயுது, இப்பதான் வந்து சேர்றே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நெற்றி விளக்கைப் போட்டான்.

அவள் முழங்காலுக்கு அருகில், மரத்தைத் தொற்றி வளரும் ஒரு கள்ளி. இலையைப் போலத் தட்டையாக, பட்டையோடு ஒட்டிப் படர்ந்திருந்தது. ஒரே ஒரு மொட்டு. அவள் முழங்கை நீளம்.

இன்றிரவு விரியும். விடிந்தால் வாடிவிடும்.

இதைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏழு வருடம் துடுப்புப் போட்டிருக்கிறாள். தோணி ஆடினால் படம் கலங்கிவிடும் என்பார்கள். ஏழு வருடமும் எதிர்க்கிளையை இறுகப் பிடித்தபடி, பூவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருடம் யாரும் வரவில்லை. மரம் விலைபோய்விட்டது.

"விடியறதுக்குள்ள மரம் ஆத்துல கிடக்கலேன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"மெஷினைப் போடறேன். சத்தம் கேட்டா நீயே இறங்குவே."

"போடு."

கயிற்றைச் சுண்டி இழுத்தான். ரம்பம் உறுமியது. மேலே எங்கோ பறவைகள் கலைந்து பறந்தன.

அவள் கால்களைக்கூட மடக்கவில்லை.

உறுமல் நின்றது. அவனேதான் நிறுத்தினான்.

ஓர் இதழ் விலகியது.

பிறகு இன்னொன்று. வெள்ளை. தண்ணீர்மேல் வாசனை பரவியது. அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

இருட்டிலிருந்து ஓர் அந்துப்பூச்சி வந்தது. அத்தனை நீளப் பூவின் அடிவரை எட்டும் நாக்கு அதற்குத்தான் உண்டு. நேராகப் பூவுக்குத்தான் வந்தது.

பாதியில் திரும்பியது.

அவன் நெற்றியைச் சுற்றத் தொடங்கியது. கையால் விரட்டினான். போகவில்லை. மறுபடி வெளிச்சத்தில் மோதியது.

அடிமரத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கறை. காலையில் அது இல்லை; அதற்குள் தண்ணீர் அவ்வளவு இறங்கியிருந்தது.

இருட்டில் யாராலும் மரம் அறுக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

"அண்ணா," என்றாள். அன்று முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அந்த விளக்கை அணையேன்."