குதிரைச் சீட்டு

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்றை முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிட்டால் பழி என் தலையில் விழும். ஏற்கனவே கீரமங்கலத்தில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

எல்லாம் பக்கத்து வீட்டு வைஷ்ணவியால் வந்தது. திருச்சிப் பெண். புருஷன் துபாயில். செல்போனில் ஏதோ கோர்ஸ் படித்துவிட்டு, படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை வரவழைத்தாள். டாரட் கார்டாம். உடம்பில் ஏழு சக்கரம் இருக்கிறதாம். எது அடைத்திருக்கிறது என்று சீட்டு சொல்லுமாம்.

அடைப்பு எடுக்க இவள் என்ன பிளம்பரா?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பூ மார்க்கெட் வேலை முடிந்த பொம்பளைகள் அவள் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு நோட்டு. மனதில் இருப்பதை எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஜர்னல். நோட்டு அவள் பீரோவில்தான் இருக்கும், சக்தி ஏற வேண்டுமாம். அடுத்த வாரம் சீட்டை எடுத்து, "மாமியாரோட பேச்சுவார்த்தை இல்ல போலயே" என்பாள்.

"எப்படித்தான் புட்டுப் புட்டு வைக்கிறியோ!" என்று மருதாயி வாயைப் பிளப்பாள்.

எப்படியா? நோட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறாள். கிளி ஜோசியத்தில் கிளியாவது இருக்கும்.

இதை நான் சொன்னதற்கு மருதாயி, "பரிமளாவுக்குத் தொண்டைச் சக்கரத்துல அடைப்பே இல்லடி. அதை மூடத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். எதற்கும் சிரிக்காத ராசாத்திகூடச் சிரித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வைஷ்ணவி பேங்க் வேலையாகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினாள். "தண்ணி வந்தா பிடிச்சு வைங்கக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தண்ணீர் பிடித்து வைத்தேன். பீரோ பூட்டாமல் இருந்தது.

ஆதாரத்துக்காகத்தான் திறந்தேன். நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். நான் நினைத்தது சரி!

ராசாத்தியின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை. வைஷ்ணவி அதை இன்னும் பார்க்கவில்லை. மூன்றே வரி.

'தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து பரண்ல இருக்கு. வெள்ளிக்கிழமை புள்ளைங்களை அம்மா வீட்ல விட்டுட்டா போதும். யாரையும் குத்தம் சொல்லல.'

ராசாத்தியின் புருஷன் முத்துராஜ் மலேசியாவுக்குப் போனவன். எட்டு மாதமாகப் போன் இல்லை.

ஆனால் நான் போய் என்னவென்று சொல்வது? உன் நோட்டைத் திறந்து பார்த்தேன் என்றா? ஏதோ மனசு சரியில்லாமல் எழுதியிருப்பாள் என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மார்க்கெட்டில் அவளைப் பார்த்தபோது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். ராசாத்தி தனியாக வந்தாள்.

"புள்ளைங்க எங்கடி?"

"அம்மா வீட்ல விட்டுட்டு வாரேங்க்கா."



வைஷ்ணவி ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டாள். வெள்ளைக் குதிரை. அதன் மேல் கவசம் போட்ட எலும்புக்கூடு. கீழே இங்கிலீஷ் எழுத்து. என் மாமியார் செத்தபோது வாங்கின சர்டிபிகேட்டில் அதே எழுத்தைப் பார்த்திருக்கிறேன். டெத்.

மருதாயிக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடியும் போடவில்லை. அவளுக்குக் குதிரைதான் தெரிந்தது.

"அடி ஆத்தீ! நம்ம அய்யனாருல்ல வந்திருக்காரு!"

எல்லோரும் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வைஷ்ணவி ராசாத்தியை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமா, அய்யனாருதான்" என்றாள். "எல்லார் வீட்லயும் வயல் மருந்து வச்சிருப்பீங்கள்ல? அத்தனையும் இப்பவே என் வீட்டுக்கு வந்துரணும்னு சொல்றாரு. யாரும் தனியாப் போகாதீங்க, ரெண்டு ரெண்டு பேராப் போங்க. ராசாத்திகூட நான் வாரேன். அப்படியே புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துரலாம், அவ நாலு நாள் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

பொம்பளைகள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சாமி பெயரைச் சொல்லி இப்படியா ஏமாற்றுவது?

"அய்யனாராவது, கொய்யனாராவது! மருந்து குடிக்கப் போறேன்னு ராசாத்தி நோட்டுல எழுதி வச்சிருக்கா. அதைப் படிச்சிட்டு வந்து நாடகமா போடுறே?"

ராசாத்தி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். வைஷ்ணவி அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்தாள்.

"ஆமாக்கா, இன்னைக்குக் காலையிலதான் படிச்சேன்" என்றாள். "நீங்க எப்பக்கா படிச்சீங்க?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"செவ்வாக்கிழமை சாவி இவகிட்டதானே இருந்துச்சு?" என்றாள் மருதாயி. "ஏண்டி பரிமளா, மூணு நாளாத் தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருந்தே?"

ராசாத்தியும் சேலையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

நான் சட்டென்று சீட்டுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, "நான் எங்கடி படிச்சேன்? எனக்கும் அய்யனாருதான் சொன்னாரு" என்றேன்.