வேணுகோபாலின் மாலை

காஞ்சிபுரத்திலிருந்து திருத்தணிக்குப் பாதயாத்திரை போன கூட்டத்தில் வேணுகோபால்தான் மெதுவாக நடந்து வந்தார். பக்கத்தில் மனைவி தேவகி.

"இன்னா சாமி, தறியில உக்காந்தே காலு மரத்துப்போச்சா?" என்று சிரித்த குருசாமி சிவராஜ், அடித்த போனை எடுத்தார். முகம் மாறியது.

"உன் மருமகன்பா. நீ போனை எடுக்கலையாம். உன் பொண்ணு பிரசவத்துல தவறிட்டாளாம் சாமி. தீட்டாயிடுச்சு. மாலையைக் கழட்டிட்டு ஊருக்குக் கிளம்பு."

"எவனோ ஒருத்தன் பின்னாடி ஓடினப்பவே அவளைத் தலைமுழுகிட்டேன். எனக்கு ஏது பொண்ணு? தீட்டெல்லாம் இல்ல."

வேணுகோபால் நிற்காமல் நடந்தார்.

சிவராஜுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவனாம்மா இவன்? பொண்ணு சாவைவிடப் பெருசா அப்படி இன்னா வேண்டுதல் இவனுக்கு?"

தேவகி சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு நல்லபடியா பிரசவம் ஆவணும்னுதான் சாமி மாலையே போட்டாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

சிவராஜ் திரும்பிப் பார்த்தார். வேணுகோபால் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டிருந்தார். சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்பதுபோல நடந்துகொண்டிருந்தார்.