பச்சை எழுத்து

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது அவள் வேலை. பார்ப்பவர்கள் கண்ணயர்ந்துவிடக் கூடாதென்று கணினியே அவ்வப்போது ஏதாவதொரு பையின் படத்துக்குள் பொய்த் துப்பாக்கி ஒன்றைச் செருகும். கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால், 'சோதனைப் படம். பாராட்டுகள்' என்று பச்சை எழுத்தில் வரும். விட்டுவிட்டால் மேலதிகாரிக்குத் தகவல் போகும்.

இந்த மாதம் இரண்டை விட்டிருந்தாள். மூன்றாவதையும் விட்டால் வேலை போய்விடும்.

அந்தப் பயத்தில் பார்ப்பதெல்லாம் துப்பாக்கியாகத் தெரிந்தது. காலையிலிருந்து குடை, சீப்பு, ஷேவிங் மெஷின் என்று பதினோரு பைகளை நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, அடுத்து டூத் பிரஷையும் பிடிச்சுடுவே போலிருக்கே! வரிசை வாசல் வரைக்கும் நிக்குது," என்றார் பைகளைத் திறந்து பார்க்கும் காவலர்.

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த பை வந்தது. துணிகளுக்கு நடுவே பிடி, குழல், விசை எல்லாம் அச்சு அசலாகத் தெரிந்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பொழச்சேன் அண்ணே, மாட்டிக்கிச்சு!"

பொத்தானை அழுத்தினாள். ஏழு வருடமாகப் பொய்த் துப்பாக்கிகளை மட்டுமே பார்த்த பழக்கத்தில், பச்சை எழுத்து வருமுன்பே மறுகையால் பைகளை நகர்த்தும் பெல்ட்டை ஓடவிட்டாள்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'சோதனைப் படம் எதுவும் செருகப்படவில்லை.'

நிமிர்ந்து பார்த்தாள். பை மறுமுனைக்குப் போயிருந்தது. ஒருவன் அதன் ஜிப்பை நிதானமாகத் திறந்துகொண்டிருந்தான்.