வெள்ளை பூத்த ஈக்கள்

மடியில் ஐம்பது பிணங்களைக் கட்டிக்கொண்டு எல்லம்மா முள்வேலியைத் தாண்டினாள். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கோட்டைக்குப்பத்து ஆண்கள் எல்லாரும் ஏரியில் இருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி பச்சையம்மா மீன் காயவைக்கும் மூங்கில் தட்டிகள். எல்லம்மா மடியை அவிழ்த்து, செத்த ஈக்களை ஒவ்வொன்றாகத் தட்டியின் இடுக்குகளில் செருகினாள். இறக்கையை விரித்தபடி விறைத்துப்போன ஈக்கள். வயிறெல்லாம் வெள்ளைப் பூசணம்.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து கப்பலேறும் மடவைக் கருவாடு ஆறு வருஷமாக எல்லம்மா போட்ட உப்பில்தான் காய்ந்தது. குப்பத்தில் அவளுக்கு இருந்த மரியாதையே அதனால்தான். நேற்று வந்த கொழுந்தன் பெண்டாட்டி அதிலும் கை வைக்கப் பார்த்தாள்.

கோட்டைக்குச் சரக்கு பிடிக்கும் தரகர் கௌஸ் மைதீன் போன மாதம் பச்சையம்மாவின் கருவாட்டை முறித்து முகர்ந்து பார்த்தார். அடுத்த தடவை வரும்போது இரண்டு பேர் சரக்கையும் பார்த்துவிட்டு ஒருத்தியிடம் மட்டும் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எல்லம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பச்சையம்மா சிரித்தால் வயிறு எரிந்தது. "அக்கா" என்று கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தை மாதப் பனியில் எல்லம்மாவின் தட்டிகளில் இந்த ஈக்கள் தென்பட்டன. அந்த வாரம் ஈ ஓட்டும் வேலைகூட அவளுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் பூசணத்தைக் கண்டதும் குலை நடுங்கிவிட்டது. பூசணம் பிடித்த கருவாட்டை நாய்கூடச் சீண்டாது. இன்றைக்கு ஈயின் மேல் இருப்பது நாளைக்கு மீன் மேல் ஏற எவ்வளவு நேரமாகும்?

பயம் தெளிந்ததும் புத்தி வேலை செய்தது. நம் வீட்டுச் சனியனை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போயிற்று. பதினைந்து நாளாக, தினமும் விடியலில், ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொண்டுபோய்ச் செருகினாள்.

நடுவில் எல்லம்மாவின் பக்கம் ஈ மொய்க்க ஆரம்பித்தது. கை ஓயும்வரை விசிறினாள். தன் சரக்கின் வாசனை அப்படி என்று உள்ளுக்குள் தன்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

வியாழக்கிழமை தரகர் வந்தார். முதலில் எல்லம்மாவின் தட்டியில் நல்ல மீனாக ஒன்றை எடுத்துப் பிளந்தார். பிளந்த வேகத்தில் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாம்மா எல்லம்மா, புழு நெளியுது."

அடுத்தது, அதற்கடுத்தது என்று ஏழெட்டு பார்த்தார். எல்லாம் அப்படித்தான். எல்லம்மா கீழே விழுந்த மீனைக் காலால் ஒதுக்கினாள். போகட்டும், பூசணம் பிடித்த பச்சையம்மாவின் சரக்கு மட்டும் என்ன வாழப்போகிறது என்று வேலியருகே போய் நின்றாள்.

பச்சையம்மாவின் கருவாடு ஒன்றில்கூடப் புழு இல்லை, பூசணமும் இல்லை. ஓட்டுவதற்கு அங்கே ஈயே இல்லை. அத்தனையையும் கோட்டைக்குக் கொண்டுவரச் சொன்ன தரகர், இது எப்படி என்று கேட்டார்.

"எல்லாம் எங்க அக்கா செஞ்சது பாய். தெனம் விடியறப்போ வேலி தாண்டி வந்துட்டுப் போவும். நான் குடிசைக்குள்ள இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி இந்தக் குப்பத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று எல்லம்மா நினைத்தாள்.

பச்சையம்மா இடுக்கிலிருந்து ஓர் ஈயை எடுத்துத் தரகரிடம் காட்டினாள். அந்த வெள்ளைத் தூள் பட்டால் உயிரோடு வரும் ஈயையும் அதே நோவு பிடித்துக்கொள்கிறதாம். நாலைந்து நாளில் அதுவும் வெள்ளை பூத்துச் செத்து, இன்னும் பத்து ஈக்கு நோவைக் கொடுக்கிறதாம். மீனை மட்டும் அது தொடுவதில்லையாம்.

பிறகு வேலியருகே வந்து எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"உனக்குன்னு ஒண்ணுகூட வச்சிக்காம எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டியேக்கா."